மேலக்கரென்ஸே

பதினோராம் டோக்கன்காரர் பேசிக்கொண்டிருக்கிறார், என்னுடையது பதினேழு, நடுவில் ஐந்து பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று அந்தப் பெண் அதிகாரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், ஆனால் மைக்கைப் பிடித்த ஒருவரும் மூன்று நிமிடத்தில் விடுவதாக இல்லை, ஆக இன்னும் அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ நான் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, எட்டு மாதமாக அதைத்தான் செய்கிறேன். இடது கால் மரத்துப்போய் வெகுநேரம் ஆகிறது, மாற்றி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, தோன்றியபடியே இருக்கிறது. மேடையில் நேற்றைய கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்துகளை இன்னும் எடுக்கவில்லை, மாப்பிள்ளை பெயர் முழுசாக இருக்கிறது, பெண்ணின் பெயரில் முதல் எழுத்து விழுந்துவிட்டது, அதற்குக் கீழே பேனர்: குருவிப்பொத்தை கல்குவாரி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், இடம் மேலக்கரை. கல்யாண மண்டபத்தில் எதற்குக் கருத்துக் கேட்கிறார்கள் என்றால் ஊரில் இருநூறு நாற்காலி போடுகிற இடம் வேறு இல்லை. பழைய ரசத்தின் வாசனையும் பன்னீர் வாசனையும் கலந்து அடிக்கிறது, அடிக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான், அது என்னிடம் வந்து சேரவில்லை. பக்கத்து நாற்காலியில் உலகம்மாள் அக்கா தன் பதினெட்டாம் டோக்கனை முந்தானை நுனியில் முடிந்து வைத்திருக்கிறாள், நிமிடத்துக்கொரு தடவை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். "சார், ஒறங்குதியளா?" "இல்லக்கா." "கண்ணு தொறந்திருக்கு, ஆனா ஆளக் காணல. அதான் கேட்டேன்."

நான் சொல்ல வேண்டியது மொத்தம் இரண்டு வாக்கியம். ஒன்று, எரியோகாலான் மேலக்கரென்ஸே என்கிற செடி இந்த மேலக்கரைக் குளத்தில் ஒருநாளும் முளைத்ததில்லை, இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டரில் இருக்கும் குருவிப்பொத்தையின் உச்சிச் சுனையில்தான் முளைக்கிறது, இன்றைக்கும் அங்கே இருக்கிறது, அந்தப் பொத்தையை வெடிவைத்து உடைத்தால் உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. இரண்டு, இது எனக்கு இருபத்தொரு வருடமாகத் தெரியும். முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கலாமா என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன், புதிதாகக் கண்டுபிடித்தேன், போன மாதம்தான் பார்த்தேன் என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை, போன மாதம்தான் ஏறினேன். பொத்தை என்றால் எங்கள் பக்கத்தில் மொட்டைப் பாறைக் குன்று, மேலே ஏற ஏறக் கல் சூடாகும், உச்சியில் பாறைப் பள்ளங்களில் ஐப்பசி கார்த்திகை மழை தேங்கிச் சுனையாகும், தை மாசிக்குள் வற்றிவிடும், அந்த மூன்று மாதத்துக்குள் முளைத்துப் பூத்து விதைத்துச் செத்துப்போகிற செடி அது, விரலுயரம், நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் பூக்கொத்து. நான் ஏறிப்போய்ப் பார்த்தபோது நூற்றுக்கணக்கில் நின்றன. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன், சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன், அல்லது அழுகை, இரண்டில் ஒன்று வந்தாக வேண்டும் அல்லவா, கால் வலித்தது, தண்ணீர் குடித்தேன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வந்த உலகம்மாள் அக்காதான் கேட்டாள், என்ன சார் தொலைச்சிய? இந்தச் செடியைத் தேடினேன் என்றேன். இதயா, இது வெள்ளப்பொட்டுல்லா, ஆடு வாய் வைக்காது, ஒண்ணுக்கும் ஆவாது, வருசா வருசம் வரும். வருசா வருசம். அவள் அதைச் சொன்ன சாதாரணத்தை நான் இன்னும் தாண்டவில்லை. பிறகுதான் அவள் சொன்னாள், பொத்தையை உடைக்கப்போகிறார்கள், கீழே அவள் வீடும் கிணறும், வெடி வைத்தால் ஊற்றுக்கண் அடைந்துவிடும் என்று கிணறு வெட்டுகிறவர்களே சொல்கிறார்கள், நாற்பது ஆடும் அந்தக் கிணற்றை நம்பித்தான். இந்தச் செடி உலகத்திலேயே இங்கேதான் இருக்கிறது என்று என் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாய் தவறி என்பதுகூடச் சரியில்லை, யாரிடமாவது சொல்ல இருபத்தொரு வருடம் காத்திருந்த வாய். "அப்போ வந்து சொல்லுங்க. நாங்க கெணறுன்னு சொன்னா லாரித் தண்ணி தாரோம்பாவ. செடின்னு படிச்ச ஆளு சொன்னா எழுதிக்கிடுவாவ."

பன்னிரண்டாம் டோக்கன். ஒரு தம்பி, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறான், கைதட்டல், பின்வரிசையில் விசில். அவன் சொல்வதிலும் தப்பில்லை. எனக்கு இருபத்தேழு வயதில் வேலை என்ற சொல் எப்படிக் காதில் விழுந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் நாங்கள் இரண்டு பேர், நானும் வினோலியாவும், கல்லூரி ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்திய செடிகளின் காப்பகத்துக்கு, செடி சேகரிக்க வந்திருந்தோம், அடைமழை, காலையில் குருவிப்பொத்தை, சாயங்காலம் மேலக்கரைக் குளம், ஒரே நாளில் இரண்டு இடம், ஒரே பாலித்தீன் பை. அதைச் செய்யக்கூடாது, இடத்துக்கொரு பை என்பது முதல் வருட மாணவனுக்கும் தெரியும், இன்னொரு பை கிழிந்திருந்தது, அவ்வளவுதான் காரணம், கிழிந்த பை. மேலக்கரை வினோலியாவின் ஊர், அவள் அப்பா வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து செடிகளைச் செய்தித்தாளில் பரப்பி அழுத்தினோம், அவள் தாளை அடுக்க நான் சீட்டு எழுதினேன். சீட்டு என்பதுதான் எல்லாம். செடி காய்ந்துவிடும், நிறம் போய்விடும், அதை எடுத்த ஆளும் போய்விடுவான், மூலையில் ஒட்டிய சீட்டு மட்டும் இருநூறு வருடம் பேசும்: எந்த ஊர், என்ன தேதி, எடுத்தது யார். நான் முதல் சீட்டில் மேலக்கரை, குளக்கரை, களிமண் என்று எழுதினேன், இரண்டாவதில் மேற்படி, மூன்றாவதில் மேற்படி, முப்பத்துநான்கு தாள், மேற்படி மேற்படி மேற்படி. எங்கள் வேலையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், காலையில் எங்கோ பிடுங்கியதை ராத்தங்கும் ஊரின் பெயரில் எழுதுவார்கள், வெள்ளைக்காரன் காலத்துத் தாள்களில் பாதி அவன் கூடாரம் அடித்த ஊர்தான், செடி வளர்ந்த ஊர் கிடையாது. வினோலியாவின் அம்மா சுடச்சுட உளுந்தங்கஞ்சி கொண்டுவந்தார்கள். மழை சீட்டின்மேல் தெறித்தது. இருபத்தாறாவது தாளில் ஒரு சிறு வெள்ளைத் தலை, விரலுயரம், மேற்படி.

அது புதுசு என்று கண்டுபிடித்தது அவள்தான். மூன்று மாதம் உட்கார்ந்து பூவைப் பூவாகப் பிரித்துப் பார்த்தாள், ஒரு பூ எள்ளில் கால்வாசி. அந்தக் காலத்தில் லத்தீனில் நாலு வரி விவரணை எழுதாமல் ஒரு செடிக்குப் பெயர் சூட்ட முடியாது, அதற்காக ஓய்வுபெற்ற ஒரு சர்ச் சாமியாரிடம் வாரம் இரண்டு நாள் போய் லத்தீன் படித்தாள், எனக்கு அதில் பொறுமையில்லை, நான் டீக்கடையில் நிற்பேன், வந்து எனக்குச் சொல்லிக் கொடுப்பாள். ஊரை எடுத்துக்கோ, வாலை ஒட்டு, அவ்வளவுதான் ரூபன், ஊர் விசேஷணமாயிரும். முசுமுசுக்கைக்கு மதராஸ்பட்டானுஸ், மதராஸ்காரன். தவசிமுருங்கை ட்ராங்கபாரியென்சிஸ், தரங்கம்பாடிக்காரி. நம்ம வாசல்ல கிடக்கிற கானாவாழை பெங்காலென்சிஸ். கௌதாரிக்குப் பாண்டிச்சேரி. எல்லாம் எவனோ கப்பலைவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்த முதல் ஊர். மேலக்கரையில எவனும் இறங்கல, அதனால நாமளே குனிவோம். அவள் அப்பா பொன்னுதுரை போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர், ஊர்ப்பெயரும் பின்கோடும்தான் அவருக்கு உலகம், செடியின் பெயரைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஒரு சந்தேகம். "பெங்காலென்சிஸ்ங்கிறே, நமக்கு மட்டும் என்ன மேலக்கரென்ஸே? ஒரு எழுத்து கொறையுதே." எரியோகாலான் லத்தீனில் ஆணுமில்லை பெண்ணுமில்லை, அலிப்பெயர், அதற்குத் தகுந்த வால்தான் வரும் என்று அவள் விளக்கினாள். "நல்லாருக்கே. ஊர் பேரை ஏத்துனதுதான் ஏத்துன, ஒரு ஆம்பளைச் செடியா பாத்து ஏத்தியிருக்கக் கூடாதா?" ஆனால் மறுநாளே தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டார், நம்ம ஊரு லத்தீன்ல ஏறிட்டுடே. பேரூராட்சியில் சொல்லி குளக்கரையில் நீலப் பலகை வைக்கவைத்தார். உலகில் வேறெங்கும் காணப்படாத அரிய தாவரம் வாழும் குளம். பலகை திறப்புக்கு லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன்.

அப்போது எனக்குத் தெரியும். இதைத்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன், அப்போது எனக்குத் தெரியும். லட்டுக்கு இரண்டு வாரம் முன்னால், கட்டுரை அச்சுக்குப் போயாகிவிட்டது, படம் மட்டும் பாக்கி, அதை வரைவதற்காக ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்து வேரைப் பிரித்தேன், உருப்பெருக்கியின் கீழே வேர் நூல்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாகப் பருக்கைகள், பாறைப்பொடி, கண்ணாடிபோல மின்னிக்கொண்டு. மேலக்கரைக் குளத்தில் இருப்பது கறுப்புக் களி, கையில் ஒட்டினால் மூன்று நாள் போகாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வினோலியா அந்தப் பக்க மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், லத்தீன் வேற்றுமை. திரும்பி, வினோ, இங்க வா, என்றால் போதும். நாலடி தூரம். நான் ஒட்டகமுடித் தூரிகையை எடுத்தேன், நனைத்தேன், வேரைக் கழுவினேன். பருக்கை ஒவ்வொன்றாக விழுந்தது, கிண்ணத்துத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டினேன், குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு மற்ற ஐந்து தாள்களிலும் இருந்த வேர்களையும். அடுத்த மாதம் ஹாலந்து நேர்காணல் இருந்தது, விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரை முதல் வரியில் இருந்தது, இடம் எழுதத் தெரியாதவனை எந்த ஹெர்பேரியமும் எடுக்காது. அது ஒரு காரணம். பொன்னுதுரை மாமா ஒரு காரணம். அவள் தோளைக் குலுக்கிச் சிரித்த சிரிப்பு ஒரு காரணம். காரணங்களை அடுக்கிப் பார்த்திருக்கிறேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, ஒன்றும் உதவவில்லை. அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள், அந்த வருடமே, பஸ்ஸில். "ரூபன், அதை நாம குளத்துலயா எடுத்தோம்? எனக்கென்னவோ பாறை ஞாபகம் வருது, நீ வழுக்கி விழுந்தேல்லா." குளத்தில்தான், என்றேன். வழுக்கி விழுந்தது வேற நாள். அவள் சரியென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்பது எனக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

"சார், தண்ணி குடிங்க." உலகம்மாள் அக்கா பாட்டிலை நீட்டுகிறாள். குடிக்கிறேன். "பதினாலு ஆயிட்டு. பேசுததுக்கு எழுதி வச்சிருக்கியளா?" "இல்லக்கா, ரெண்டே வரிதான்." "ரெண்டு வரிக்கா இந்த முழி முழிக்கிய? நானெல்லாம் அரைமணி நேரத்துக்கு வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க." பதினான்காம் டோக்கன் கம்பெனியின் ஆலோசகர், ஹரிநாத் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், முப்பத்தைந்து வயது இருக்கும், இஸ்திரி போட்ட நீலச்சட்டை, மரியாதையான குரல். திரையில் ஒரு படம் போடுகிறார். நீலப் பலகை. பெயிண்ட் உரிந்திருக்கிறது, லத்தீன் எழுத்துகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் அரிய தாவரம் என்று ஒன்றே ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது, அதன் பெயரிலேயே இடம் இருக்கிறது, மேலக்கரை, குவாரி அமையும் இடத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர், அதுகூட அழிந்துபோயிருக்கலாம் என்று அதற்குப் பெயரிட்ட விஞ்ஞானியே எழுதியிருக்கிறார். அடுத்த படம், அவள் கடைசிக் குறிப்பு, அவள் பெயர். முனைவர் வினோலியா பொன்னுதுரை. திரை பெரிசு, எழுத்து என் கையளவுக்கு இருக்கிறது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் எழுதிய சீட்டைத்தான் படிக்கிறார்.

பெயரை மாற்ற முடியாது, அதுதான் எங்கள் தொழிலின் விதி. இடம் தப்பு என்று பிறகு தெரிந்தாலும் அச்சில் ஏறிய பெயர் ஏறியதுதான். ஹாலந்தில் பதினேழு வருடம் இந்த விதியை வைத்துத்தான் நான் தூங்கினேன். உலகத்தில் எத்தனை தப்பு. புளிக்கு இண்டிகா, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். ஸ்பெயினில் பூக்கிற ஒரு நீலப் பூவுக்குப் பெருவியானா, அதைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் பெரு என்று ஒரு கதை சொல்வார்கள், கப்பலை ஊர் என்று நினைத்துவிட்டானாம் பெரிய மனுஷன் ஒருவன். யாரும் தூக்கில் தொங்கவில்லை, புளி இல்லாமல் யாரும் குழம்பு வைப்பதை விடவில்லை. நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன், தப்பான ஊர்களின் பட்டியல், நூற்றுப் பத்து சேர்ந்துவிட்டது, வேலை இடைவெளியில் எடுத்துப் பார்ப்பேன், புதிதாக ஒன்று கிடைத்தால் அன்றைக்கு மனசு லேசாகும். என்னைக் கட்டிக்கொண்டு ஹாலந்துக்கு வந்திருந்த வினோலியா அதைப் பார்த்துவிட்டு, இதைக் கட்டுரையா எழுதேன், நல்லாருக்கும், என்றாள். பார்க்கலாம் என்றேன். பனி பெய்துகொண்டிருந்தது, அவள் ஸ்கார்ஃபைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள். எங்களுக்கு அங்கே அண்டை வீட்டில் வைத்த பெயர் இந்தியக்காரர்கள், இங்கே திரும்பி வந்தபின் ஹாலந்துக்காரர்கள், அவள் இரண்டுக்கும் சிரிப்பாள். இப்போது யோசித்தால் அந்தப் பட்டியலை நான் அவளுக்குக் காட்டத்தான் வைத்திருந்தேனோ என்னவோ. கண்டுபிடிப்பாள், நூற்றுப் பதினொன்றாவது எது என்று கேட்பாள் என்று. கேட்கவில்லை. சந்தேகப்படுகிற புத்தி அவளுக்குச் செடியிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

அவள் தேடினாள். அதைத்தான் நான் சொல்லாமல் போய்க்கொண்டிருக்கிறேன், பனியும் ரசமும் சொல்லிக்கொண்டு. திரும்பி வந்த முதல் வருடம் கார்த்திகையில் மேலக்கரைக் குளத்தைச் சுற்றி ஐந்து நாள் நடந்தாள். ஒன்றுமில்லை. தண்ணீர் கூடுதல், அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள். அடுத்த வருடம் பன்னிரண்டு நாள். குளத்தில் வெங்காயத்தாமரை ஏறியிருந்தது, அதனால்தான் என்றாள், பேரூராட்சிக்கு மனு கொடுத்தாள், ஆள் வைத்து அள்ளவைத்தாள். மூன்றாம் வருடம் உடம்பு இளைத்துவிட்டது, கீமோ முடிந்து தலையில் துண்டு கட்டியிருந்தாள், குளக்கரையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பைனாகுலரில் கரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள், நான் களியில் இறங்கி அவள் கை காட்டிய இடத்தில் எல்லாம் குனிந்தேன். அங்கே பாரு, வெள்ளையா. அது கொக்கு எச்சம், வினோ. இங்கே. அது தெர்மகோல். அரைநாள் முழுக்க இல்லாத இடத்தில் இல்லாததைத் தேடினேன், எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, பஸ்ஸில் அரை மணி நேரம். இப்போதாவது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சொன்னால் இந்த மூன்று வருடமும் எதற்கு என்று கேட்பாள், அதற்குப் பதில் இல்லை, ஒரு நாள் தள்ளிப்போட்டதும் அடுத்த நாளுக்குப் பதில் இன்னும் கடினமாகிவிடும், இருபத்தொரு வருடமும் அப்படித்தான் ஆனது. மாசியில் படுத்துக்கொண்டே அந்தக் குறிப்பைச் சொன்னாள், நான் தட்டச்சு செய்தேன். வகைமாதிரிச் செடியை எடுத்த இடத்தில் தொடர்ந்து மூன்று பருவங்கள் தேடியும் காணப்படவில்லை. அழிந்துபோயிருக்கலாம். தட்டிட்டியா? தட்டிட்டேன். வாசி. வாசித்தேன். "நாம பேர் வச்சதாலதான் செத்துச்சோன்னு இருக்கு ரூபன், பலகை வச்சு, ஆள்வரத்து கூடி, கரையைச் சிமெண்ட் பூசி." இல்லை வினோ, என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பங்குனியில் அவள் போனாள். கல்லறைக்கு வந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்து அழுதார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், என் கை மரக்கட்டைபோல ஒழுங்காக வேலை செய்தது.

"டோக்கன் பதினேழு. டாக்டர் ரூபன் கோயில்பிச்சை." எழுந்ததும் இடது கால் தரையில் இருப்பதே தெரியவில்லை, உலகம்மாள் அக்கா முழங்கையைப் பிடித்தாள், விழுந்துராதிய. மைக் பன்னீர் வாசனையடித்தது. அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார், களைத்த முகம், நல்ல முகம். நான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். கூட்டத்தில் சலசலப்பில்லை, ஒரு செடி, யாருக்கு என்ன. ஹரிநாத் மட்டும் பேனாவை எடுத்தார். "எப்ப பார்த்தீங்க சார்?" என்று அதிகாரி கேட்டார். போன மாதம் என்று சொல்லி இறங்கியிருக்கலாம், அந்த இடம்தான் அது, வாய் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டது. "முதல்ல பார்த்தது இருபத்தொரு வருஷம் முன்னால மேடம். செடி அங்க எடுத்தது. சீட்டு எழுதினது நான். தப்பா எழுதிட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் திருத்தல." மைக் ஊளையிட்டு அடங்கியது. "யாருகிட்டயும் சொல்லலையா?" "சொல்லல." "ஏன் சார்?" அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "என் பேர் கெட்டுரும்னு," என்றேன். பின்வரிசையில் யாரோ, "இப்ப மட்டும் நல்லாருக்காக்கும்," என்றான், சிரிப்பு. ஹரிநாத் எழுந்தார், குரலில் மரியாதை குறையவில்லை. "மேடம், சார் அச்சுல போட்டதே பொய்ன்னு அவரே ஒத்துக்கறார். அப்ப இன்னைக்குச் சொல்றது உண்மைன்னு எதை வெச்சு எடுத்துக்கறது?" நியாயமான கேள்வி. "எடுத்துக்க வேண்டாம்," என்றேன், "போய்ப் பாருங்க. சுனையில இன்னும் மூணு வாரத்துக்குத் தண்ணி இருக்கும்." அதற்குள் உலகம்மாள் அக்கா தன் முறைக்குக் காத்திராமல் நாற்காலியிலிருந்தே கத்தினாள். "நா கூட்டிட்டுப் போறேன் மேடம்! முக்கா மணி நேரத்துல ஏறிரலாம். செருப்ப மட்டும் கழட்டிருங்க, வழுக்கும்." கூட்டம் மறுபடி சிரித்தது, அதிகாரியும் லேசாக. வனத்துறைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காதோடு பேசினார், கடிகாரத்தைப் பார்த்தார், நாளை காலை எட்டு மணிக்கு இரு தரப்பும் சுனைக்கு, பார்த்த பிறகுதான் அறிக்கை என்றார், என்னைப் பார்த்து, "சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்," என்றார்.

மேடைக்குக் கீழே ஒரு மேசை, வெள்ளைத்தாள், நூலில் கட்டிய பேனா. எனக்குப் பின்னால் வரிசை. எழுத ஆரம்பித்தேன், தமிழில்தான், ஊர், தேதி, எடுத்தவர்கள். எடுத்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுத வேண்டும், அவள் பெயரை எழுதினேன், என் பெயரை எழுதினேன், தப்பாக எழுதியவர் என்று இன்னொரு வரி, அதில் ஒரு பெயர். பேசி முடித்திருந்த உலகம்மாள் அக்கா, அரைமணி நேரப் பேச்சை ஐந்து நிமிடத்தில் வெட்டிவிட்டார்கள் என்ற கோபத்தோடு வந்து என் தோளில் கை வைத்து எட்டிப் பார்த்தாள், எழுத்து தெரியாது, இருந்தாலும் பார்த்தாள். "இங்க என்ன எழுதியிருக்கிய?" "என் வீட்டம்மா பேரு." "செத்துப்போனாவன்னு சொன்னியளே, அவியளா." "ஆமாக்கா. அவங்கதான் செடிக்குப் பேர் வச்சது. இங்க குளத்துல மூணு வருஷம் தேடினாங்க." அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொத்தைக்கும் குளத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. "நீங்க கூட இருந்தியளா?" "இருந்தேன்." "அது மேல இருக்குன்னு அவியளுக்குத் தெரியாதா?" "தெரியாது." "சாகும்போதுமா?" பேனாவின் நூல் மேசைக்காலில் சிக்கி இழுத்தது, கையெழுத்துப் போடுகிற இடம் எட்டவில்லை, நான் தாளைப் பேனாவின் பக்கம் நகர்த்தினேன். "சாகும்போதும்." அவள் என் தோளில் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.